மாப்ளை வீடு வாங்கப் போறாரு

வா மாப்ளே, உக்காரு. உங்கம்மா போன்ல எல்லாத்தையும் கொட்டிட்டா. மெட்ராஸை விட்டுட்டு தஞ்சாவூருக்கே வந்துடப் போறியாம். வேலையை வீட்டுலேர்ந்தே பாத்துக்கலாமாம். அதுக்கு டவுனை ஒட்டி ஒரு வீடு வேணுமாம். "அமைதியான ஏரியா, எல்லாரும் ஒரே குடும்பமாப் பழகுற தெரு"ன்னு புரோக்கர் சொன்னானாம், உனக்கு அப்பவே மனசு குளுந்துடுச்சாம். அமைதியும் வேணும், எல்லாரும் பழகவும் வேணும்னா எப்படி மாப்ளே? ரெண்டுல ஒண்ணைக் கேளு. ராத்திரி எத்தனை மணிக்கு நீ லைட்டை அணைச்சேங்கிறது, காலையில வாசல் தெளிக்கும்போதே நாலு வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பேருதான் பழகுற தெரு.

புரோக்கர் பேச்சைக் கேக்காதேன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லாக் கேளு. அவன் எதைச் சொல்லாம முழுங்குறானோ அதை மட்டும் குறிச்சு வச்சுக்க. "புது பஸ் ஸ்டாண்டு அஞ்சே நிமிஷம்"பான். வாஸ்தவம்தான். நம்ம விமானப்படைத் தளத்துல 2020லேர்ந்து சுகோய் நிக்குதே, அதுல ஏறினா அஞ்சு நிமிஷம் கூட ஆவாது. "நியோ டைடல் பார்க் வந்துடுச்சு, விலை ஏறுது"ம்பான். 2024ல திறந்தாங்க, நானும் பேப்பர்ல பாத்தேன். அதுக்கு முன்னாடி "வரப் போவுது"ன்னு சொல்லி ஏத்தினான், இப்ப "வந்துடுச்சு"ன்னு சொல்லி ஏத்துறான். 2014ல தஞ்சாவூரு மாநகராட்சி ஆச்சு, அதுக்கு ஒரு ஏத்தம். எல்லைக்கு வெளியே இருக்கிற மனையைக் காட்டி, "பஞ்சாயத்துதான் சார், வரி கம்மி"ம்பான். அடுத்த மூச்சுலயே "சீக்கிரம் கார்ப்பரேஷன்ல சேந்துடும் சார், விலை எங்கேயோ போயிடும்"பான். ரெண்டும் ஒரே மனைதான்.

எங்க காலத்துல மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனா, மாட்டோட பல்லைப் பாக்கறதுக்கு முன்னாடி விக்கிறவன் மூஞ்சியைப் பாப்போம். ஏன்யா விக்கிறான்? பொண்ணு கல்யாணமா, கடனா, இல்லே மாடு ராத்திரியில கட்டை அத்துக்கிட்டு ஓடுற மாடா? வீட்டுக்கும் அதே கேள்விதான். மவன் வெளிநாட்டுல இருக்கான், இங்க ஆளில்லன்னு சொன்னா நம்பலாம். கடன்னு சொன்னா இன்னும் நம்பலாம். ஆனா நல்ல வீட்டை வித்துட்டு ரெண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போறான்னு தெரிஞ்சா, அட்வான்ஸ் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரு. அவன் வீட்டை விக்கலை, பக்கத்து வீட்டுக்காரனை உனக்கு விக்கிறான்.

இப்ப மண்ணுக்கு வா. தஞ்சாவூரு ஒரே ஊரு, மண்ணு ரெண்டு. மேக்க வல்லம் பக்கம் போனா மேடு, செம்பராங்கல்லு. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒரு காலத்துல வல்லத்துலதான் போயி உக்காந்தான். எங்க காத்து வரும், எங்க ஈரம் ஏறாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கும் புது கலெக்டர் ஆபீஸைத் திருச்சி ரோட்டுலதானே கட்டியிருக்காங்க? அங்க அஸ்திவாரம் அசையாது, ஆனா போர் போட்டா ஆழமாப் போவணும். கிழக்க வெண்ணாறு, வெட்டாறு பாயுற பக்கம் வந்தா மேலாப்புலயே தண்ணி, ஆனா மண்ணு களி. வெயில்ல பொளக்கும், மழையில உப்பும். அந்தக் களி மேல அரைகுறையா அஸ்திவாரம் போட்ட வீட்டுல ஜன்னல் மூலையிலேர்ந்து கோணலா ஒரு வெடிப்பு கெளம்பும். விக்கிற நேரத்துல புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா அது உன்னை வரவேக்கறதுக்கு இல்ல மாப்ளே. மாடிப்படிக்குக் கீழ குனிஞ்சு பாரு, பீரோவை ஒரு சாண் நகத்தச் சொல்லு. நகத்த மாட்டேன்னா பீரோவுக்குப் பின்னாடி இருக்கிறது சாமி படம் இல்ல.

ஆத்தங்கரை வீடு, காத்தாட இருக்கும்னு ஒருத்தன் சொல்வான். நம்ம புது ஆறு, அதான் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோட சேந்து 1934ல வந்தது. அதுல தண்ணி ஓடினா கரையோரத்துக் கெணறெல்லாம் ஊறும். இப்ப அதுக்குக் கான்கிரீட் போட்டுப் பளபளன்னு ஆக்கிக்கிட்டு வர்றாங்க. ஊத்து குறைஞ்சிடும்னு விவசாயிங்க சத்தம் போட்டாங்க. அதனால "இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல"ன்னு எவனாச்சும் சொன்னா, எந்த வருஷத்துக் கதைன்னு ஒரு வார்த்தை கேட்டுக்க.

இன்னொண்ணு. சேவப்ப நாயக்கர்னு தஞ்சாவூரோட மொதல் நாயக்க ராஜா, அவர் பேர்ல ஊருக்கு மேக்க ஒரு ஏரி. மேட்டுலேர்ந்து வர்ற மழைத்தண்ணி அதுல விழுந்து தெளிஞ்சு, பூமிக்கு அடியில குழாய் வழியா சிவகங்கைக் குளத்துக்குப் போற மாதிரி கட்டி வச்சிருந்தாங்க. இப்ப அந்தப் பக்கம் தெருவுக்குப் பேரே சேவப்பநாயக்கன் வாரி. தண்ணி வர்ற வழியில வீடு கட்டி, நம்பர் போட்டு, கேஸ் சிலிண்டர் வரைக்கும் வந்து சேருது. போஸ்ட்மேனுக்குப் புது விலாசம் குடுத்துட்டோம், மழைக்கு யாரும் குடுக்கலை. இது தஞ்சாவூருக்கு மட்டும் இல்ல. எந்த ஊர்ல வீடு பாத்தாலும் அந்த இடத்துக்குப் பழைய பேரு என்னன்னு ஒரு கெழவனைக் கேளு. ஏரி, தாங்கல், குட்டை, வாரின்னு ஏதாவது வால்ல ஒட்டிக்கிட்டிருந்தா, ரெண்டு படி கூடுதலா வச்சுக் கட்டியிருக்கானான்னு பாரு.

புரோக்கர் உனக்கு மனை காட்டுறது பங்குனி, சித்திரையில. அப்ப எல்லா மனையும் மேடுதான். நீ ஐப்பசி அடைமழையில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போ. எவன் வீட்டு வாசல்ல செங்கல்லை வரிசையாப் போட்டு ஒத்தைக் கால்ல தாண்டுறான்னு பாரு. ரோட்டை மேல மேலயே போட்டு உசத்திக்கிட்டே போறாங்க, வாசப்படி அப்படியே இருக்கு. ஒரு காலத்துல மூணு படி ஏறிப்போன வீட்டுக்கு இப்ப ஒரு படி எறங்கிப் போவணும்னா, அடுத்த தடவை ரோடு போடும்போது நீ மாடியிலதான் குடியிருப்பே. புதுசாக் கல்லு நட்ட மனைன்னா இன்னும் கவனம். போன போகம் வரைக்கும் நெல்லு வெளஞ்ச நஞ்சை அது. அதுக்குள்ள வர ஒரு வாய்க்கா இருந்திருக்கும், வடிய ஒரு வாய்க்கா இருந்திருக்கும். ரெண்டும் எங்க போச்சுன்னு கேளு. "அதான் சார் முப்பதடி ரோடு"ன்னு பெருமையாக் காட்டுவான். 2020ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க. எண்ணெய்க் கெணறு கூடாது, உருக்காலை கூடாது, தோல் ஆலை கூடாதுன்னு பட்டியல் இருக்கு. பிளாட் கல்லு அந்தப் பட்டியல்ல இல்ல.

பேப்பருக்கு வக்கீலைப் பாரு, நான் வக்கீல் இல்ல. ஆனா வக்கீல் ஃபீஸ் வாங்கிக்கிட்டுச் சொல்றதுல பாதியை நான் வெத்தலைபாக்குச் செலவுல சொல்றேன்.

நம்ம காவேரிக் கரையில கோயிலுக்கும் மடத்துக்கும் நெலம் இல்லாத ஊரு உண்டா? கும்பகோணம், மாயவரம் பக்கம் போனா ரெண்டு மாடி வீடாக் கட்டியிருப்பான். கீழ் வீடு அவனுது, மாடி அவனுது, மொட்டை மாடியில காயுற வத்தல் அவனுது, அடிமனை மட்டும் சாமியுது. "அது ஒண்ணும் இல்ல சார், பேருக்கு ஒரு வாடகை கட்டணும், அவ்வளவுதான்"பான். கோயில் சொத்தை விக்கணும்னா 1959ம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி ஆணையர் அனுமதி குடுக்கணும். அது இல்லாம நீ பத்திர ஆபீஸ்ல போயி நின்னா, கையெழுத்துப் போட சாமி வராது.

அப்புறம் மனைப்பிரிவு. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியாதேன்னு 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட்டு போட்ட போடுல எத்தனை பேரு கல்லுக்குக் காவல் காத்தான் தெரியுமா? அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்குள்ள பத்திரம் பதிஞ்ச மனைக்குத்தான் அந்த மன்னிப்பு. அந்தத் தேதியை உன் கல்யாண நாள் மாதிரி ஞாபகம் வச்சுக்க. கல்யாண நாளு மறந்தாக்கூட சமாதானம் சொல்லிக்கலாம்.

பட்டா கம்ப்யூட்டர்ல வருதேன்னு ஆசைப்படாதே. கம்ப்யூட்டர் புதுசு, உள்ள போன கணக்கு பழசு. 1979லேர்ந்து 87 வரைக்கும் யு.டி.ஆர்.னு ஊர் ஊரா நெலக் கணக்கைத் திருத்தினாங்க. நடுவுல 1980ல எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணம், மணியம் எல்லாத்தையும் ஒரே வெட்டா வெட்டிட்டு வி.ஏ.ஓ.வைக் கொண்டாந்தாரு. அந்தக் கலவரத்துல அண்ணன் நெலம் தம்பி பேருக்கும், தம்பி நெலம் சித்தப்பன் பேருக்கும் போன கதை எங்க பக்கம் ஊருக்கு நாலு கெடக்கு. மூலப்பத்திரத்துலேர்ந்து சங்கிலி அறுபடாம வருதா, வில்லங்கம் முப்பது வருஷத்துக்கு எடுத்தாச்சா, புலப்படத்துல இருக்கிற அளவும் டேப்பு காட்டுற அளவும் ஒண்ணா, இதெல்லாம் வக்கீல் பாப்பாரு. அவரு கேக்க மறக்கிற கேள்வி ஒண்ணு: விக்கிறவனுக்குத் தங்கச்சி உண்டா? "அதெல்லாம் பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு"ன்னு சொன்னா எழுந்து கும்பிடு போட்டுட்டு வா. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சரிபங்குன்னு நம்ம ராஜ்ஜியத்துல 1989லயே சட்டம் வந்துடுச்சு. பவுனு போட்டது கல்யாணத்துக்கு, கையெழுத்து வேற.

செலவு? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூத்துக்கு 9 ரூபா அரசாங்கத்துக்கு எடுத்து வையி. பொம்பளைங்க பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைச்சுக்குறாங்க, 2025 ஏப்ரல்லேர்ந்து. ஆனா 10 லட்சத்துக்குள்ள இருக்கிற சொத்துக்குத்தான். தஞ்சாவூர்ல 10 லட்சத்துக்கு உன் காரு நிக்கிற ஷெட்டு கெடைக்கும். அதையாவது பொண்டாட்டி பேர்ல வாங்கு.

வாஸ்துக்காரனையும் ஒருத்தனைக் கூட்டிட்டு வருவே, தெரியும். தெருக்குத்துன்னா ஒரு பிள்ளையாரை வச்சுடலாம்பான். பக்கத்து வீட்டுக்காரன் குத்துக்கு எந்த மூலையில எந்தச் சாமியை வைக்கிறதுன்னு அவன் நோட்டுல இருக்காது.

அதுக்குத்தான் தெருவைப் படிக்கணும்ங்கிறேன். பேங்க்காரன் உன் சிபிலைப் பாக்குறான்ல? தெருவோட சிபில் பால்காரன்கிட்ட இருக்கு. எந்த வீட்டுல ஒண்ணாம் தேதி டாண்ணு காசு வரும், எந்த வீட்டுல "அடுத்த வாரம் பாப்போம்"னு கதவுக்குப் பின்னாடிலேர்ந்து குரல் மட்டும் வரும்னு அவருக்குத் தெரியும். இஸ்திரி வண்டிக்காரரு இன்னும் ஒசத்தி. யாரு வேலைக்குப் போறதை நிறுத்திட்டான், எந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி துணியைத் தனித்தனி மூட்டையாக் குடுக்குறாங்கங்கிற வரைக்கும் அவருக்கு வெளிச்சம். ஆனா நேரா போயி "இந்தத் தெரு எப்படிங்க?"ன்னு கேட்டுடாதே. "தங்கமான தெரு"ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க. டீக்கடையில உக்காந்து ஒரு வடையை வாங்கிப் பிட்டுக்கிட்டே, "இங்க சங்கத் தலைவர் யாருங்க?"ன்னு கேளு. பேரைச் சொல்லும்போது டீக்கடைக்காரரு உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்றாரா, வடைச் சட்டியைப் பாத்துச் சொல்றாரான்னு கவனி. சட்டியைப் பாத்தா தலைவருக்கு அங்க பாக்கி இருக்கு.

குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு தனி ராஜாங்கம். ரிட்டையரான ஹெட்மாஸ்டர் தலைவரா இருந்தா தெருவுல இன்னும் அட்டெண்டன்ஸ் எடுப்பாரு, நீ ஆபீஸ் மீட்டிங்ல இருந்தாலும் ஜன்னல் வழியா "உள்ளேன் ஐயா" சொல்லணும். மின்வாரியத்துல ரிட்டையரானவரு செயலாளரா இருந்தா உனக்கு யோகம், கரண்டு போனா எந்த லைன்மேனை எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடணும்னு அவருக்குத் தெரியும். கோயில் கமிட்டி வேற. ரெண்டு கமிட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னா உனக்கு ரெண்டு சந்தா, ரெண்டு வாட்ஸ்அப் குரூப்பு. குரூப்புல காலையில வர்ற ரோஜாப்பூவுக்கெல்லாம் பதில் கும்பிடு போடலைன்னா அன்னைக்குச் சாயங்காலமே "மெட்ராஸ் பார்ட்டி, கொஞ்சம் தலைக்கனம்"னு தீர்மானம் நிறைவேறிடும்.

தெரு நிர்வாகத்துல நம்மாளுங்களுக்கு இருக்கிற வெறி இன்னைக்கு வந்தது இல்ல மாப்ளே. பராந்தகன் காலத்துல உத்திரமேரூர்ல கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. 921ம் வருஷத்துக் கல்வெட்டுப்படி, குடவோலையில உன் பேரைப் போடணும்னா வரி கட்டுற கால்வேலி நெலம் வேணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. உனக்கு வயசு சரியா இருக்கு, வீடுதான் பாக்கி. அதுலயே இன்னொரு விதி: முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது. அந்த விதியை இன்னைக்கு நகர் நலச் சங்கத்துல கொண்டாந்தா பொருளாளர் நாற்காலி காலியாத்தான் கெடக்கும். நீ எதுக்கும் நின்னுடாதே. சந்தாவைக் கட்டிட்டு, கூட்டத்துல முறுக்கைத் தின்னுட்டு வந்துடு.

கோயில் பக்கத்து வீடு புண்ணியம்னு உங்கம்மா சொல்வா. அவளுக்குக் காது மந்தம். ஆடி மாசத்துல ஒரு ராத்திரி அந்த வீட்டுல படுத்துப் பாரு. விடியக்காலை நாலரைக்கு எல்.ஆர். ஈஸ்வரி ஜன்னல் வழியா வந்து உன் கட்டில்லயே உக்காந்துடுவாங்க. உனக்கு அமெரிக்காக்காரனோட பேச்சு அந்த நேரத்துலதானே? மாரியம்மனுக்கு அங்கேயும் ஒரு பக்தன் கெடைப்பான். கோயிலாச்சும் ஆடி, மார்கழியோட போச்சு. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துல வாங்கினேன்னா வருஷம் பூரா உன் வாசல்ல அடுத்தவன் காரு.

இவ்வளவும் நீ தெருவை விசாரிக்கிற கதை. அதுக்குள்ள தெரு உன்னை விசாரிச்சு முடிச்சிருக்கும். வீடு பாக்க நீ வண்டியை நிறுத்தினதுமே எதிர்த்த வீட்டுல ஒரு பெரியவரு செடிக்குத் தண்ணி ஊத்த வெளியே வருவாரு. மழை பேஞ்சுக்கிட்டிருந்தாலும் ஊத்துவாரு.

"எந்த ஊரு தம்பி?"

"ஒரத்தநாடு பக்கங்க."

"ஒரத்தநாடு பக்கம்னா?"

நீ ஊர்ப் பேரைச் சொல்வே.

"அட, நம்ம பக்கம்தான். அங்க எந்தத் தெரு?"

இந்த இடத்துலதான் முழிச்சுக்கணும் மாப்ளே. அவருக்கு பூகோளத்துல ஆசை இல்ல. உன் சாதி என்னன்னு தெரியணும், நேரா கேட்டா நாகரிகம் இல்லையாம், அதனால மேப்பு போட்டுக்கிட்டு வர்றாரு. "நல்ல ஜனங்க இருக்கிற தெரு சார்"னு புரோக்கர் குரலைத் தாழ்த்திச் சொல்றானே, அது என்னன்னு உனக்குச் சொல்லணுமா? சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா இது சிரிப்பு விஷயம் இல்ல. 1998ல கலைஞர் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில மொதல் சமத்துவபுரத்தைத் தொறந்தாரு. 100 வீடு. 40 ஆதிதிராவிடர், 25 பிற்பட்டோர், 25 மிகப் பிற்பட்டோர், 10 மத்தவங்க. பக்கத்து வீட்டுல யாரு குடியிருக்கணும்னு அரசாங்கமே கணக்குப் போட்டுச் சாவி குடுக்க வேண்டியிருந்தது. அந்த அழகுல இருக்கு நம்ம பழக்கவழக்கம். இன்னைக்குப் புது நகர்னு பேரு வச்சு, வளைவு கட்டி, உள்ள ஊர்த்தெருவை அப்படியே பெயர்த்துக் கொண்டாந்து நட்டு வச்சிருக்கான். அந்த மாதிரி தெருவுல உனக்குச் சுலபமா எடம் கெடைச்சுடும், அதான் எனக்கு யோசனையா இருக்கு. உன் சிநேகிதன், அவன் பேரைக் கேட்டதும் எதிர்த்த வீட்டுப் பெரியவரு செடிக்குத் தண்ணி ஊத்துறதை நிறுத்திடுவாருன்னா, அந்த வீட்டுல உனக்குச் சோறு எறங்குமா?

அவருகிட்ட என்ன பதில் சொல்றதுங்கிறே? சுளுவு. "பூர்வீகம் தஞ்சாவூரு ஜில்லாங்க. உங்களுக்கு எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?"ன்னு அதே கொஞ்சலாக் கேளு. தண்ணிக் குழாயைக் கீழ போட்டுட்டு, காபி சாப்பிடுறீங்களான்னு பேச்சை மாத்துவாரு.

இதைப் பாத்தா ராஜராஜனே தேவலாம்னு எனக்குத் தோணும். பெரிய கோயில் வெளிச்சுவத்துல எழுதி வச்சிருக்கு பாரு, கோயிலுக்குன்னு ஊர் ஊராக் கூட்டிட்டு வந்த 400 தளிச்சேரிப் பொண்டுகளுக்கு வீடு குடுத்த கணக்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, அவ பேரு என்ன, எந்த ஊருக் கோயில்லேர்ந்து வந்தா, எல்லாம் இருக்கு. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு வர்ற பங்கு. பக்கத்து வீடு யாருன்னு கல்லுல வெட்டியாச்சு, இனிமே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் பிரயோஜனம் இல்ல. அந்தப் பொண்ணுங்களைக் கேட்டா கூட்டிட்டு வந்தான்னு கேக்காதே, ராஜா எவனைக் கேட்டான்? ஆனா ஒதுக்கீட்டுப் பத்திரம்னா அதுதான் மாப்ளே. ஆயிரம் வருஷமா வெயில்லயும் மழையிலயும் நிக்குது, எழுத்து அழியலை.

சரி, தெரு நல்ல தெருவா இல்லையான்னு ஒரே கேள்வியில தெரிஞ்சுக்க வழி இருக்கா? இருக்கு. "கஜா அப்ப என்ன பண்ணினீங்க?"ன்னு கேளு. 2018 நவம்பர் 16, ராத்திரியோட ராத்திரியா அடிச்ச புயல் அது. நம்ம பக்கம் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னை வேரோட சாஞ்சு கெடந்தது. கம்பம் எல்லாம் முறிஞ்சு, சில ஊர்ல வாரக் கணக்குல கரண்டு இல்ல. கரண்டு இல்லன்னா மோட்டார் இல்ல, தண்ணி இல்ல. ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டாந்து வீடு வீடாத் தொட்டி நெரப்பினாங்க. சில தெருவுல மொதல்ல கைக்கொழந்தை இருக்கிற வீடு, அப்புறம் வயசானவங்க வீடு, அப்புறம்தான் காசு குடுத்தவன் வீடுன்னு முறை வச்சாங்க. சில தெருவுல காசு குடுத்தவன் கேட்டைச் சாத்திக்கிட்டு ஜெனரேட்டரைத் தன் வீட்டுக்குள்ள ஓட்டினான், சத்தம் மட்டும் எல்லாருக்கும். நீ கேட்டேன்னா கதை கதையாச் சொல்வாங்க. குறுக்கப் பேசாம கேளு, அந்தக் கதைக்குள்ள எத்தனை வீடு வருதுன்னு மட்டும் விரல்ல எண்ணிக்க. சொல்றவரு வீடு ஒண்ணுதான் வருதுன்னா, மார்பிள் தரையை ரசிச்சுட்டு வண்டியைக் கெளப்பு. ஆறேழு வீடு வந்தா, சுவத்துல சின்ன வெடிப்பு இருந்தாலும் பரவாயில்ல, கொத்தனாரை நான் கொண்டாறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கப்பனுக்கு நெஞ்சு வலிச்சா மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு அந்த ஆறேழு வீடுதான் வரும், உன் கம்பெனி மேனேஜர் வர மாட்டான். நீ அன்னைக்குப் பாத்து மெட்ராஸ்ல இருப்பே.

அப்படி ஒரு தெரு கெடைச்சுட்டா, அப்புறம் அவங்க நீ எப்ப லைட்டை அணைச்சேன்னு கணக்கெடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. நீ என்ன ராத்திரியில கள்ள நோட்டா அடிக்கப் போறே?

விலையை எப்பப் பேசறதுன்னு கேளு. ஆடியில பேசு. நம்ம ஜனம் ஆடியில கிரயம் பண்ணாது, பால் காய்ச்சாது. புரோக்கர் வெத்தலை போட்டுக்கிட்டு வெயிலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். அப்பப் போயி, நமக்கு அவசரமே இல்லங்கிற மாதிரி ஒரு வெலையைச் சொல்லிட்டு மோரைக் குடிச்சுட்டு வந்துடணும். ஆவணி பொறந்ததும் அட்வான்ஸ். சாத்திரமும் கெடலை, காசும் கெடலை. ஆடித் தள்ளுபடின்னா சேலைக்கு மட்டுந்தானா?

என்ன அப்படிப் பாக்குறே? நாஞ்சிக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு வீடு உங்கம்மா சொன்னாளே, அதை நான் முந்தாநாளே பாத்துட்டு வந்துட்டேன். விக்கிறவரு கோயம்புத்தூர்ல மவன் வீட்டுக்குப் போறாரு, காரணம் சுத்தம். தங்கச்சி ரெண்டு பேரும் கையெழுத்துக்குத் தயார், காபி கூடப் போட்டுக் குடுத்தாங்க. பீரோவை நகத்தச் சொல்லிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல, ஒரு பழைய செருப்புதான். கஜா கதையில ஒம்பது வீடு வந்துச்சு. எதிர்த்த வீட்டுப் பெரியவரு எந்தத் தெருன்னு ஆரம்பிச்சாரு, நான் அவரு தெருவைக் கேட்டேன், இப்ப ரெண்டு பேரும் சிநேகிதம். உன்னைப் பத்தியும் நல்லபடியாத்தான் சொல்லி வச்சிருக்கேன். தம்பி ரொம்ப அடக்கம், காலையில அஞ்சு மணிக்கே எந்திரிப்பான்னு. பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு உன் பேர்ல ஒரு பத்தாயிரம் எழுதச் சொல்லியாச்சு, அது கெடக்கட்டும். கீழ பின்னாடி, கெணத்தைப் பாத்த மாதிரி காத்தாட ஒரு ரூமு இருக்கு. அதுல என் கட்டில் போடலாமான்னு அளந்தும் பாத்துட்டேன், சரியா இருக்கும். டீக்கடைக்காரரு "எப்ப குடி வர்றீங்க?"ன்னு என்னைத்தான் கேக்குறாரு. தை மாசம்னு சொல்லிட்டேன். நீ லோனுக்கு எழுதிப் போட்டியா இல்லியா?